கடல்மீது ஒரு கரும்பலகை

மருத்துவமனைக் கப்பல் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவர்கள் யாவர்? வெண்ணிற அங்கி அணிந்த மருத்துவர்; ஓய்வின்றி நடக்கும் செவிலியர்; மேல்தளத்தில் நின்று கடலை நோக்கும் கப்பல் தலைவர். அதே கப்பலின் உள்ளே ஒரு சிறிய அறையில், ஏழெட்டுப் பிள்ளைகளை முன்னே அமர்த்திக்கொண்டு, பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியையும் இருக்கிறார் என்றால் நம்முள் பலர் வியப்படைவோம். நோயாளிகளுக்கென ஓடும் கப்பலில் பள்ளிக்கு என்ன வேலை? அங்கே படிக்கும் பிள்ளைகள் யாருடையவர்கள்? இவ்வினாக்களைத் தொடர்ந்து சென்று நாம் அறிந்தவற்றை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். ஆசிரியப் பணியிலிருக்கும் நம் சகோதரிகளும், பள்ளிகளை நடத்தும் கன்னியரும் இதனைச் சற்று நின்று படிப்பார்கள் என்பது நம் எதிர்பார்ப்பு.

‘மெர்சி ஷிப்ஸ்’, அதாவது இரக்கத்தின் கப்பல்கள், எனும் அறநிறுவனத்தை 1978-ஆம் ஆண்டில் தொடங்கியவர்கள் டான் ஸ்டீபன்ஸ், டேயன் ஸ்டீபன்ஸ் என்னும் தம்பதியர். இது கத்தோலிக்க நிறுவனம் அன்று. பிற சபைச் சகோதரர்கள் தொடங்கியது. எனினும் கல்கத்தாவில் அன்னை தெரசாவைச் சந்தித்தது தம் முயற்சிக்கு ஊக்கமளித்தது என்று டான் ஸ்டீபன்ஸ் கூறியிருக்கிறார். அவருக்கு முன்மாதிரியாக இருந்த மற்றொன்று ‘ஹோப்’ என்ற அமெரிக்க மருத்துவக் கப்பல். 1960 முதல் 1974 வரை பதினொரு பயணங்களை மேற்கொண்ட அக்கப்பல், 1968-இல் இலங்கைக்கும் வந்தது. கொழும்பில் அக்காலத்தில் வாழ்ந்த முதியோர் சிலருக்கு அந்த வெள்ளைக் கப்பல் நினைவில் இருக்கலாம்.

ஸ்டீபன்ஸ் தம்பதியர் வாங்கிய முதற்கப்பலுக்கு ‘விக்டோரியா’ என்பது பழைய பெயர். 1953-இல் கடலுக்கு வந்த இந்த இத்தாலியப் பயணிக் கப்பலின் பாதையில் நம் பம்பாய்த் துறைமுகமும் இருந்தது. அதற்கு அவர்கள் இட்ட புதிய பெயர் ‘அனஸ்தாசிஸ்’. கிரேக்க மொழியில் உயிர்ப்பு என்பது அதன் பொருள். கப்பலை வாங்கியவர்கள் அதனைப் பிறர் பொறுப்பில் விட்டுவிட்டுக் கரையில் அமர்ந்திருக்கவில்லை. தம் நான்கு பிள்ளைகளுடன் பத்தாண்டுகள் அதிலேயே குடியிருந்தார்கள். ஆகவே தொடக்கம் முதலே அந்தக் கப்பலில் நோயாளிகளும் மாலுமிகளும் மட்டுமல்லர், குடும்பங்களும் இருந்தன. குடும்பம் இருந்தால் பிள்ளைகள் இருப்பார்கள். பிள்ளைகள் இருந்தால் பள்ளி வேண்டுமே!

‘அனஸ்தாசிஸ்’ 2007-இல் ஓய்வுபெற்றது. அதே ஆண்டில் பணிக்கு வந்த ‘ஆப்பிரிக்கா மெர்சி’ முன்பு டென்மார்க் நாட்டில் இரயில் வண்டிகளையே ஏற்றிச் சென்ற படகுக் கப்பல். 152 மீட்டர் நீளமுள்ள அதற்குள் ஐந்து அறுவை அரங்குகளும், ஏறத்தாழ எண்பது நோயாளிகளுக்கான படுக்கைகளும் அமைக்கப்பட்டன. அடுத்து வந்த ‘குளோபல் மெர்சி’, பழைய கப்பலைத் திருத்தியமைத்ததன்று. மருத்துவமனைக் கப்பலாகவே திட்டமிடப்பட்டு, சீனாவின் தியான்ஜினில் கட்டப்பெற்று 2021-இல் ஒப்படைக்கப்பட்டது. நீளம் 174 மீட்டர், தளங்கள் பன்னிரண்டு, அறுவை அரங்குகள் ஆறு. இரு கப்பல்களிலும் மழலையர் வகுப்பு தொடங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் பள்ளி உண்டு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இப்பள்ளி நோயாளிகளான ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்காக ஏற்பட்டதன்று. கப்பலில் பணிபுரிவோரின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. நாமும் முதலில் இதனை மாறாகவே எண்ணியிருந்தோம். உண்மை தெரிந்ததும், சிறிது ஏமாற்றமே அடைந்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. கோடானுகோடி ஏழைப் பிள்ளைகள் பள்ளியின்றி வாடும் கண்டத்தின் கரையில் கப்பலை நிறுத்திக்கொண்டு, தம் பிள்ளைகளுக்கு மட்டும் பள்ளி நடத்துவதா என்ற எண்ணம் எழுந்தது. இதே கேள்வி அங்கே பாடம் நடத்தும் ஆசிரியையின் உள்ளத்தை எத்தனை முறை குத்தியிருக்கும்! அதற்குப் பின்னர் வருவோம்.

முதலில் பள்ளியின் தேவையைக் காண்போம். இக்கப்பல்களுக்கு வரும் அறுவை மருத்துவர்களுள் பெரும்பாலோர் தம் சொந்த விடுமுறையில் சில வாரங்களுக்கு மட்டுமே வருவோர். அவர்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவரலாம். ஆனால் ஒரு கப்பலை அப்படி நடத்த இயலுமா? தலைமைப் பொறியாளர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாறினால் இயந்திரம் என்னாகும்? மருத்துவமனைப் பொறுப்பாளர், கப்பல் தலைவர், மின்பணியாளர், கணக்கர், ஆன்மகுரு ஆகியோர் ஆண்டுக்கணக்கில் இருக்கவேண்டும். முப்பது, நாற்பது வயதில், பணியில் நன்கு தேர்ந்த நிலையில் இருப்போருக்கு வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். “பிள்ளைகளின் படிப்பு?” என்ற ஒரே கேள்வியில் எத்தனை நல்ல எண்ணங்கள் நம் நாட்டிலும் நின்றுபோயின என்பதை இதனை வாசிக்கும் பெற்றோர் அறிவர். அந்தக் கேள்விக்கு ஒரு விடை இருந்தால்தான் அக்குடும்பம் கப்பலேறும். அந்த விடையாக நிற்பவரே நாம் பேசும் ஆசிரியை.

ஒரு சான்று கூறுவோம். கேரி பார்க்கர் என்ற அமெரிக்க முக அறுவை மருத்துவர் 1980-களில் சில மாதங்கள் பணிபுரிந்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் ‘அனஸ்தாசிஸ்’ கப்பலுக்கு வந்தார். அங்கேயே பணியாற்றிய பெண்மணியை மணந்தார். அவர்களுடைய மகளும் மகனும் கப்பலிலேயே வளர்ந்தனர். மருத்துவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பணியில் நிலைத்தார். முகத்தில் தேங்காய் அளவு வளர்ந்த கட்டிகளால் மூச்சுவிட வழியின்றிச் சாவை எதிர்நோக்கியிருந்தவர்கள், அவரிடம் வந்து உயிர் பிழைத்தனர். அவர் கையிலிருந்த கத்தியை உலகம் பாராட்டியது, அது முறையே. அவர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்களை யாரும் படம் பிடிக்கவில்லை.

இனி ஆசிரியையின் ஒரு நாளைப் பார்ப்போம்.

தனியாக வந்த ஆசிரியைக்குத் தனி அறை என்பது அரிது. வேறு நாட்டுப் பெண்களோடு ஒரு சிறிய அறையைப் பகிர்ந்துகொள்வார். அவர்களுள் இரவுப்பணி முடித்து வந்து பகலில் உறங்கும் செவிலியும் இருக்கலாம். ஆகவே விளக்கைப் போடாமல் உடையெடுக்கப் பழகியிருப்பார். ‘ஆப்பிரிக்கா மெர்சி’யில் குளிப்பதற்கு இரண்டு நிமிடங்கள்! கப்பலில் நன்னீர் அளந்து செலவழிக்கவேண்டிய பொருள். கோடையில் ஒரு குடம் நீருக்கு வரிசையில் நிற்கும் நம் தாய்மார்களுக்கு இது பெரிய தவமாகத் தோன்றாது. குளிர்நாட்டிலிருந்து வந்து, மேற்காப்பிரிக்க வெயிலில் வியர்வை சொட்ட வாழ்வோருக்கு அது தவமே.

காலை உணவு எல்லோருக்கும் பொதுவான உணவுக்கூடத்தில். கப்பல் தலைவரும், தரை துடைப்பவரும், மாணவனும், ஆசிரியையும் ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்பர். நம் ஊர் ஆசிரியர்களுக்குப் பள்ளிவாசலைத் தாண்டினால் சற்று விடுதலை உண்டு. கப்பலில் அது கிடையாது. நேற்று வீட்டுப்பாடம் எழுதாத சிறுவன் இன்று காலையில் பக்கத்து மேசையில் ரொட்டி தின்றுகொண்டிருப்பான். அவன் தந்தை எதிரே அமர்ந்திருப்பார். மாலையில் மாடிப்படியிலும், இரவில் துணி துவைக்கும் அறையிலும் அதே முகங்கள். ஆசிரியை கோபத்தை அடக்கக் கற்றுக்கொள்வது பயிற்சிக் கல்லூரியில் அன்று, இந்த உணவுக்கூடத்தில்தான் என்று தோன்றுகிறது.

வகுப்பில் பிள்ளைகள் சிலரே. ஆனால் அந்தச் சிலரும் ஒரே வயதினர் அல்லர். ஒரே நாட்டினரும் அல்லர். ஏறத்தாழ நாற்பது நாடுகளிலிருந்து வந்த பணியாளர்கள் உள்ள கப்பல் அல்லவா? ஒரு பிள்ளைக்கு வீட்டுமொழி டச்சு; ஒருத்திக்குப் பிரெஞ்சு; ஒருவன் கானா நாட்டினன். பாடமொழி ஆங்கிலம். இரண்டு மூன்று வகுப்பினரை ஓர் அறையில் வைத்து, ஒரு பகுதியினருக்கு எழுத்துவேலை கொடுத்துவிட்டு மறுபகுதியினருக்குப் பாடம் சொல்லும் வித்தையை நம் சிற்றூர் ஓராசிரியர் பள்ளிகளில் பணியாற்றியோர் நன்கறிவர். கப்பலாசிரியைக்கு அதனோடு இன்னொரு சுமை. இந்தப் பிள்ளை இரண்டாண்டில் நெதர்லாந்துக்குத் திரும்பும். அந்தப் பிள்ளை நியூசிலாந்துக்கு. அவ்வந்நாட்டுப் பள்ளியில் அவர்கள் பின்தங்கிவிடாதபடி, ஒரே பாடத்தைப் பல நாட்டுப் பாடத்திட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லித்தரவேண்டும்.

பாடத்தின் நடுவே அபாயமணி ஒலிக்கும். தீ விபத்து ஒத்திகை! பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகள் வரிசையாக எழவேண்டும்; ஆசிரியை தலையெண்ணவேண்டும்; குறித்த இடத்துக்கு அழைத்துச்சென்று மீண்டும் எண்ணவேண்டும். கப்பலில் நீண்டநாள் பணிபுரிய வருவோர், தீயணைக்கவும் உயிர்காப்புத் தெப்பத்தில் ஏறவும் பயிற்சி பெறவேண்டும் என்பது விதி. ஆசிரியைக்கும் இதில் விலக்கில்லை.

இவ்வளவுக்கும் அவருக்கு ஊதியம் எவ்வளவு என்று வாசகர் கேட்கலாம். ஊதியம் இல்லை. ஆசிரியை மட்டுமல்லர், அங்குள்ள தொண்டர்கள் அனைவரும், மருத்துவர் உட்பட, தம் உணவுக்கும் உறைவிடத்துக்கும் தாமே பணம் செலுத்திவந்தனர். தம் ஊர்ச் சபையினருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் எழுதி, அவர்கள் அனுப்பும் உதவியால் காலம் தள்ளுகின்றனர். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டக் கற்பிப்பவர் எதை எழுதி உதவி கேட்பது? மருத்துவர் எழுதுவதற்குக் கதை இருக்கிறது. பார்வை பெற்றவர், நடந்தவர் என்று பட்டியல் இருக்கிறது. “என் மாணவன் இப்போது ஏழாம் வாய்ப்பாடு சொல்கிறான்” என்ற கடிதத்துக்கு யார் காசோலை அனுப்புவார்?

மேலே விட்ட கேள்விக்கு இப்போது திரும்புவோம். கப்பல் ஒரு துறைமுகத்துக்கு வந்தால் ஏறத்தாழ பத்து மாதங்கள் அங்கேயே கட்டப்பட்டிருக்கும். நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கும் நாட்களில் மக்கள் விடியுமுன்னரே வந்து வரிசையில் நிற்பர். கண்புரை, பிளவுபட்ட உதடு, தொண்டைக் கழலை, தீப்புண்ணால் ஒட்டிப்போன கைகால், வில்லாய் வளைந்த கால்கள், பேறுகாலக் கேட்டினால் சிறுநீரை அடக்கமாட்டாமல் கணவனாலும் ஊராராலும் ஒதுக்கப்பட்ட இளம்பெண்கள்! ‘நோமா’ என்றொரு நோய் உண்டு. ஊட்டமில்லாத சிறு குழந்தைகளின் வாயில் தொடங்கிச் சில நாட்களில் கன்னத்தையும் மூக்கையும் அரித்துவிடும். மருத்துவம் கிட்டாத குழந்தைகளுள் பெரும்பாலோர் இறந்துவிடுவர். உலகச் சுகாதார நிறுவனம் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்ததே 2023 டிசம்பரில்தான். உலகில் ஐந்நூறு கோடி மக்களுக்குப் பாதுகாப்பான, எட்டக்கூடிய செலவிலான அறுவை மருத்துவம் கிடைப்பதில்லை என்று 2015-இல் ‘லான்செட்’ ஆணைக்குழு கணக்கிட்டது. அவர்களுள் சிலரே இந்த வரிசையில் நிற்கின்றனர். வருவோர் எல்லோருக்கும் இடமில்லை. பலரிடம் ‘இயலாது’ என்று சொல்லவேண்டியிருக்கும்.

இந்தத் துன்பத்துக்குச் சில அடிகள் மேலே, வேறொரு தளத்தில், ஊட்டமும் உடல்நலமும் மிக்க பிள்ளைகளுக்குப் பெயர்ச்சொல், வினைச்சொல் கற்பிப்பதற்கு ஒருவர் தம்மைத் தாமே என்ன சொல்லித் தேற்றிக்கொள்வது? செவிலி கட்டு அவிழ்க்கும்போது பலன் கண்முன் தெரிகிறது. ஆசிரியைக்குத் தெரிவதெல்லாம் திருத்தவேண்டிய குறிப்பேடுகள். நம் கருத்தைச் சொன்னால், அந்த மன உளைச்சல் அவரைவிட்டு முற்றிலும் நீங்கவேண்டியதில்லை. அது இருப்பதால்தான் பள்ளி முடிந்ததும் அவர் கீழே மருத்துவமனைக்கு இறங்குகிறார்.

பணியாளர் எவரும் ஒரு நோயாளியைத் தம்முடையவராக ஏற்று, அவரை நாள்தோறும் சென்று காணும் வழக்கம் அங்கே உண்டு. முகம் முழுதும் கட்டுப்போட்ட சிறுமியோடு ‘ஊனோ’ சீட்டு விளையாட மொழி தேவையில்லை. நிறம் பார்த்துச் சீட்டுப் போட்டால் போதும். பெரும்பாலும் சிறுமியே வெல்வாள். பிற்பகலில் காற்று வாங்குவதற்காக நோயாளிகளை மேல்தளத்துக்கு அழைத்துவருவர். பள்ளிப் பிள்ளைகள் அவர்களைக் காண்கின்றனர். பாதி முகமில்லாத ஒருவரைக் கண்டு திகைத்து விலகாமல், கண்ணைப் பார்த்துச் சிரித்து வணக்கம் சொல்லப் பழகுகின்றனர். எந்தப் பாடநூலில் இதற்கு அதிகாரம் உண்டு? ‘குளோபல் மெர்சி’ 2023-இல் சியாரா லியோன் நாட்டின் ஃப்ரீடவுன் துறைமுகத்தை அடைந்தது. 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போரில் சிதைந்த நாடு அது. அங்கே பொதுவாக வழங்கும் கிரியோ மொழியில் ஒருவரையொருவர் காணும்போது கேட்பது ‘ஹவ் டி பாடி?’ என்பது. ‘உடம்பு எப்படி இருக்கிறது?’ என்று நாம் கேட்பதேதான்!

ஞாயிறன்று கரையிறங்கி நகரத்து ஆலயத்துக்குச் செல்வோரும் உண்டு. ‘ஆப்பிரிக்கா மெர்சி’ 2016-இல் பெனின் நாட்டின் கொத்தோனு நகரில் நின்றது. அந்நகரின் செவ்வரி வெள்வரி தீட்டிய பேராலயம் இரக்கத்தின் அன்னைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இரக்கத்தின் கப்பல் இரக்கத்தின் அன்னையின் நகரில்! தற்செயல்தான், ஆயினும் மாதா பக்தரான நாம் இதனைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை.

இன்னொரு கடமையையும் சொல்லவேண்டும். கப்பலில் பெரிய இரத்த வங்கி வைக்க இயலாது. ஆகவே பணியாளர்களே நடமாடும் இரத்த வங்கி! யாருக்கு எந்த வகை இரத்தம் என்று முன்பே சோதித்துக் குறித்துவைத்திருப்பர். பெரிய கட்டியை அகற்றும்போது இரத்தப்போக்கு மிகுந்தால், பொருந்தும் வகையினருக்கு அழைப்பு வரும். அது இரவு எட்டு மணியாயிருக்கலாம். தேர்வுத்தாள் திருத்தும் நேரமாயிருக்கலாம். ஆசிரியை சிவப்பு மைப் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கீழே சென்று கையை நீட்டுவார். இளஞ்சூடு ஆறுமுன் அவ்விரத்தம் அறுவை மேசையில் கிடப்பவரின் உடலில் ஏறும். மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல் வகுப்பில் நிற்பார். முழங்கை மடிப்பில் ஒரு சிறு பஞ்சுக்கட்டு இருக்கும்.

கப்பல் பள்ளியில் ஆண்டுத் திட்டம் வகுப்பதும் எளிதன்று. 2014-இல் மேற்காப்பிரிக்காவில் எபோலா நோய் பரவியது. அங்கே செல்லவேண்டிய ‘ஆப்பிரிக்கா மெர்சி’ பயணத்தை மாற்றிக்கொண்டு, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, கண்டத்தின் மறுபுறமுள்ள மடகாஸ்கருக்குச் சென்றது. 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது செனகல் நாட்டின் டக்காரில் பணி இடையில் நின்றது. கப்பல் கனேரித் தீவுகளுக்குத் திரும்பியது. சுவரிலிருந்த நிலப்படத்தில் நேற்றுவரை ஒரு நாட்டைச் சுட்டிக்காட்டிய ஆசிரியை, இன்று வேறொன்றைக் காட்டவேண்டும். அந்த நாட்டின் மொழியில் ஒதுக்கிவைத்த வாழ்த்துச் சொற்களைப் பிள்ளைகள் மறந்துவிட்டு, புதியவற்றைக் கற்கவேண்டும்.

பிரிவைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை முடியாது. நம் பிள்ளைகளுக்கு ஒரு நண்பன் ஊர் மாறிச்செல்வது ஆண்டுகளில் ஒருமுறை வரும் துயரம். கப்பல் பிள்ளைகளுக்கோ அது வாராந்தர நிகழ்ச்சி. வார்டில் நண்பனான சிறுவன் குணமாகி ஊர் திரும்புவான். அடுத்த இருக்கைத் தோழியின் பெற்றோர் பணி முடித்து ஊருக்குப் புறப்படுவர். ஏணிப்பாலத்தில் காவல் நிற்கும் நேபாளக் கூர்க்கா வீரர், இத்தனை ஆண்டுகளில் எத்தனை அழுகைகளைக் கண்டிருப்பார்! “உன் ஊர் எது?” என்று கேட்டால் இப்பிள்ளைகளுள் பலர் விழிப்பர். கடவுச்சீட்டு ஒரு நாட்டுடையது, பிறந்தது வேறிடம், நினைவெல்லாம் இந்த இரும்புச் சுவர்களுக்குள். சிலர் இனிப் புதிய நட்பே வேண்டாம் என்று மனத்தை மூடிக்கொள்வர். அதனைக் கண்டு, கணக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு, போகிறவனுக்கு வாழ்த்தட்டை எழுத வைப்பதும், வருகிறவளுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்க வைப்பதும் ஆசிரியையின் வேலை. அவரும் ஒருநாள் பிரிந்து செல்பவரே என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். இரண்டாண்டு கழிந்து அவர் புறப்படும்போது அந்த இடத்துக்கு வேறொருவர் வந்திருக்கவேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு பொறியாளரின் மனைவி தம் கணவரிடம் அந்தப் பழைய கேள்வியைக் கேட்பார்.

ஜூன் மாதத்தில் பள்ளி ஆண்டு முடிகிறது. கப்பலின் துறைமுகப் பணியும் முடிகிறது. கடைசி நோயாளி இறங்கிச் சென்றபின், மருத்துவமனையில் கட்டில்களையும் கருவிகளையும் அசையாதபடி கட்டுவர். வகுப்பறையிலும் அதே வேலை. புத்தக அலமாரிகளுக்குக் குறுக்கே பட்டைவார் இழுத்துக் கட்டவேண்டும். பூகோள உருண்டையைப் பெட்டிக்குள் வைக்கவேண்டும். வண்ணப்பென்சில் டப்பாக்களை நாடா ஒட்டி மூடவேண்டும். கட்டாமல் விட்ட ஒரு டப்பா கடல் ஆடும்போது அறை முழுவதும் உருளும் என்பதை முதலாண்டிலேயே ஆசிரியை கற்றிருப்பார். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அவர் மேல்தளத்துக்கு ஏறும்போது கயிறுகள் அவிழ்க்கப்பட்டிருக்கும். பிள்ளைகள் அதற்குள் கம்பியோரம் வரிசையாக நின்று, கரையில் கையசைக்கும் உள்ளூர்ப் பணியாளர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூவிக்கொண்டிருப்பார்கள். பழக்கத்தினால் அவர் முதலில் தலைகளை எண்ணுவார்.